குழந்தைக்கு ஆபரேஷன் என்கிறார்களா? கையெழுத்துப் போடும் முன் செய்ய வேண்டியவை

ஓ.பி.யில் சில நிமிடங்களிலேயே "ஆபரேஷன் பண்ணிடலாம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வெளியே வந்ததும் வீட்டில் ஆரம்பிப்பது "செய்யலாமா, வேண்டாமா" என்ற பேச்சு. அதற்கு முன் இன்னொன்று தெரிந்தாக வேண்டும்: இதற்கு எவ்வளவு கெடு இருக்கிறது? குழந்தைகளுக்குச் செய்யும் அறுவை சிகிச்சைகளில் பலவற்றுக்குச் சரியான வயது என்று ஒன்று உண்டு. அதற்கு முன் செய்யத் தேவையில்லை, அது தாண்டினால் பலன் குறையும். சிலவற்றுக்கு மணிக்கணக்கில்தான் அவகாசம். சில, கத்தியே படாமல் தானாகச் சரியாகும். எது எந்த வகை என்று தெரிந்துவிட்டால் வீட்டுப் பேச்சில் பாதி குறைந்துவிடும்.

நோயின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்

"குடலிறக்கம்" என்று வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். தொடையிடுக்கில் புடைப்பது, தொப்புளில் புடைப்பது, விதைப்பையில் நீர் கோர்ப்பது ஆகிய மூன்றையும் ஊரில் ஒரே பெயரால்தான் சொல்கிறார்கள். மூன்றுக்கும் முடிவு வேறு வேறு. தொடையிடுக்குக் குடலிறக்கம் தானாக மூடாது, ஆபரேஷன்தான் வழி. தொப்புள் புடைப்பு பெரும்பாலும் 4, 5 வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். அதன் மேல் நாணயம் வைத்துக் கட்டுவதால் பயனில்லை, தோல்தான் புண்ணாகும். பிறவியிலேயே உள்ள நீர்க்கோர்வை அனேகமாக முதல் 2 ஆண்டுகளுக்குள் வற்றிவிடும்.

ஆகவே நோயின் பெயர், எந்தப் பக்கம் (வலதா, இடதா), செய்யப்போகும் சிகிச்சையின் பெயர் ஆகிய மூன்றும் டாக்டர் கையெழுத்தில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் பரவாயில்லை. வேறு டாக்டரிடம் கேட்கவும், காப்பீட்டுக்கும் அதுதான் வேண்டும்.

எவ்வளவு கெடு?

முதலில், காத்திருக்கவே கூடாதவை. பிறந்த குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் குடல் முறுக்கியிருக்கலாம்; அன்றே, அந்த மணி நேரத்திலேயே குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடலிறக்கப் புடைப்பு கல்லுப்போல் இறுகி, உள்ளே போகாமல், குழந்தை வாந்தியெடுத்து அழுதால் அதுவும் அப்படியே. ஆண் பிள்ளைக்கு விதையில் திடீரென்று கடும் வலி வந்தால் விதை முறுக்கிக்கொண்டதாகவே நினைத்து ஓடுங்கள். சுமார் 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றலாம், நேரம் போகப் போக வாய்ப்பு வேகமாகக் குறையும். வெட்கப்பட்டு வயிற்றுவலி என்று மட்டும் சொல்லும் பையன்கள் உண்டு. அப்படிச் சொன்னால் கீழேயும் பார்க்கச் சொல்லுங்கள்.

விட்டுவிட்டு வீறிட்டு அழுது, இடையில் சோர்ந்து, ரத்தமும் சளியும் கலந்து மலம் போனால் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கலாம். சீக்கிரம் போனால் கத்தி வைக்காமலேயே, ஆசனவாய் வழியாகக் காற்றோ உப்புநீரோ செலுத்தி விடுவித்துவிட முடியும். தாமதித்தால் ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு கூடும்.

அடுத்தது வாரக்கணக்கு. இதில்தான் நம் ஊரில் அதிகம் கோட்டை விடுகிறோம். பிறந்து 2 வாரத்துக்குப் பிறகும் மஞ்சள் காமாலை இருந்து, மலம் வெளுத்துச் சுண்ணாம்பு நிறத்தில் போனால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அதற்கான ஆபரேஷனைப் பிறந்த 60 நாட்களுக்குள் செய்தால் பலன் நன்றாக இருக்கும். தள்ளிப்போனால் கல்லீரல் மாற்று வரை போகும். "காலை வெயிலில் காட்டு, போய்விடும்" என்று சொல்லி இரண்டு மாதம் ஓட்டிவிடுகிறார்கள். வெயில் இதற்கு மருந்தே அல்ல. குழந்தையின் கண்மணியில் வெள்ளை தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். பிறவிக் கண்புரை என்றால் முதல் 2 மாதங்களுக்குள் எடுத்தால்தான் மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளும். கைக்குழந்தையின் தொடையிடுக்குக் குடலிறக்கமும் இந்த வகைதான். குழந்தை சிறியதாக இருக்க இருக்கக் குடல் சிக்கும் ஆபத்து அதிகம். "கொஞ்சம் பெரியவனாகட்டும்" என்ற ஆலோசனை இங்கே தவறு.

மாதக்கணக்கில் திட்டமிடக்கூடியவை பல. விதை இறங்காமல் இருந்தால் 6 மாதம் வரை பொறுக்கலாம். அதற்குள் இறங்காவிட்டால் பிறகு அனேகமாக இறங்காது. ஒரு வயதையொட்டி, அதிகம் போனால் ஒன்றரை வயதுக்குள் இறக்கிவைத்துவிட வேண்டும். பிற்காலத்தில் குழந்தைப்பேற்றுத் திறன், புற்றுநோய் வாய்ப்பு இரண்டும் இதில் அடங்கியிருக்கின்றன. ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம்: வெதுவெதுப்பான நீரில் உட்காரவைத்தபோதோ நன்றாகத் தூங்கும்போதோ விதை பையில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது மேலும் கீழும் போய்வரும் விதையாக இருக்கலாம். அதற்குப் பொதுவாக ஆபரேஷன் வேண்டாம், ஆண்டுக்கொரு முறை காட்டினால் போதும். இதற்கு ஸ்கேன் எடுத்து அலைய வேண்டியதும் இல்லை, அனுபவமுள்ள டாக்டரின் கை சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

உதட்டுப் பிளவை 3 முதல் 6 மாதத்தில் சரிசெய்வார்கள். அண்ணப் பிளவை (மேல்வாயில் உள்ள பிளவு) ஒரு வயதையொட்டி, பேச்சு நன்றாக வருவதற்கு முன் மூட வேண்டும். தாமதித்தால் மூக்கால் பேசும் பழக்கம் நிலைத்துவிடும். சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கம் இருந்தால் 6 முதல் 18 மாதத்துக்குள் செய்வது வழக்கம். இதில் மறக்கக் கூடாத ஒன்று: அந்தக் குழந்தைக்கு முதலில் சுன்னத்து செய்துவிடாதீர்கள். துவாரத்தைச் சரிசெய்ய டாக்டருக்கு அந்த முன்தோல்தான் தேவைப்படும்.

இதயத்தில் ஓட்டை என்றால்

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். ஓட்டை என்றவுடன் எல்லாமே ஆபரேஷன் இல்லை. கீழறைச் சுவரில் உள்ள சிறிய ஓட்டைகளில் நிறைய தானாக மூடுகின்றன. அவ்வப்போது எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்தால் போதும். பெரிய ஓட்டையின் அறிகுறிகள் வேறு: பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கும், இரண்டு வாய் குடித்துவிட்டு மூச்சு வாங்கும், எடை ஏறாது, நிமோனியா திரும்பத் திரும்ப வரும்.

இங்கே குடும்பங்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, "எடை கூடட்டும், உடம்பு தேறட்டும், பிறகு செய்துகொள்ளலாம்" என்று தள்ளுவது. ஓட்டை மூடும்வரை அந்தக் குழந்தைக்கு எடை கூடாது. குடிக்கும் பாலெல்லாம் மூச்சு விடுவதற்கே செலவாகிறது. அதற்குள் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி நிலைத்துவிட்டால் பிறகு ஓட்டையை மூடவே முடியாத நிலை வந்துவிடும். ஆகவே இதய டாக்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "நுரையீரல் அழுத்தம் எவ்வளவு இருக்கிறது, எந்த மாதத்துக்குள் மூட வேண்டும்?" மேலறைச் சுவர் ஓட்டைகளில் ஒரு வகையைத் தொடை ரத்தக்குழாய் வழியாகக் குடைபோன்ற ஒரு கருவியை வைத்தே மூடிவிடலாம், அதற்கு 3 வயதுக்கு மேல் வரைகூட காத்திருப்பார்கள். எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கத்தி இல்லாமல் வழி உண்டா?

வளைந்த பாதத்தோடு பிறந்த குழந்தைக்குப் பெரிய ஆபரேஷன் என்று யாராவது முதலிலேயே சொன்னால் எழுந்து வந்துவிடலாம். பொன்செட்டி முறையில் வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி, 5 முதல் 7 கட்டுகளில் பாதத்தை நேராக்குகிறார்கள். கடைசியில் குதிகால் தசைநாரில் ஒரு சிறு கீறல் பெரும்பாலும் தேவைப்படும். பிறகு முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், அப்புறம் 4, 5 வயது வரை இரவிலும் காலணிப் பட்டை (இரண்டு காலணிகளையும் இணைக்கும் பட்டை) போட வேண்டும். பாதம் திரும்பவும் வளைவதற்கு முக்கியமான காரணம், அழுகிறது என்று பட்டையை நிறுத்திவிடுவதுதான்.

முன்தோல் பின்னால் போகவில்லை என்பது சின்னப் பையன்களுக்கு இயல்பு. இழுத்துப் பார்க்காதீர்கள், கிழிந்து தழும்பானால் அதுவே ஆபரேஷனுக்குக் காரணமாகிவிடும். உண்மையில் இறுக்கமாக இருந்தால் டாக்டர் எழுதித்தரும் ஸ்டீராய்டு களிம்பை 4 முதல் 8 வாரம் தடவினால் பெரும்பாலோருக்குச் சரியாகும்.

டான்சிலுக்கு ஒரு கணக்கு உண்டு. காய்ச்சலோ சீழோ கூடிய தொண்டைவலி ஓர் ஆண்டில் 7 முறை, அல்லது ஆண்டுக்கு 5 முறை வீதம் 2 ஆண்டுகள், அல்லது ஆண்டுக்கு 3 முறை வீதம் 3 ஆண்டுகள் வந்திருந்தால் எடுப்பதைப் பற்றிப் பேசலாம். அதற்குக் குறைவென்றால் காத்திருப்பதே நல்லது. நினைவிலிருந்து சொல்லும் எண்ணிக்கை எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். ஒரு நோட்டில் தேதி, காய்ச்சல், கொடுத்த மருந்து என்று குறித்து வையுங்கள். டான்சில் பெரிதாக இருப்பது மட்டுமே காரணமாகாது. ஆனால் குழந்தை தூக்கத்தில் குறட்டைவிட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுந்தால் கதை வேறு. இரவில் செல்போனில் ஒரு 2 நிமிட வீடியோ எடுத்துக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். எத்தனை வார்த்தை சொன்னாலும் அந்த வீடியோ அளவுக்குப் புரியாது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு வெளியே போக இன்னொருவர் இருந்தால் இன்னும் நல்லது. கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போவதில் கூச்சம் வேண்டாம்.

- இப்போது செய்யாமல் 6 மாதம் விட்டால் என்ன ஆகும்?
- ஆபரேஷன் அல்லாத வழி எது, அது ஏன் போதாது?
- இதே ஆபரேஷனை இந்த வயதுக் குழந்தைகளுக்கு நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா? அன்று கத்தி பிடிக்கப்போவது யார்?
- அடிக்கடி வரும் சிக்கல் எது, அபூர்வமாக வந்தாலும் பெரியது எது?
- மயக்க மருந்து கொடுப்பவர் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பழகியவரா?
- இரவு தங்க வேண்டுமா? நிலைமை மோசமானால் குழந்தைகள் ஐ.சி.யூ. இங்கேயே இருக்கிறதா?
- மறுபடி ஆபரேஷன் தேவைப்பட வாய்ப்பு உண்டா?

முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வராமல் "லேட் பண்ணாதீங்க" என்று மட்டும் வந்தால் இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம். அப்படிப் பார்ப்பது நோயாளியின் உரிமை. முதல் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டாம். ரிப்போர்ட்டுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை விதி சொல்கிறது. ஆனால் ஐந்து டாக்டரைப் பார்த்து ஐந்து பதில் வாங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். இரண்டாவது கருத்து போதும். இரண்டும் முட்டிக்கொண்டால் மட்டும் மூன்றாவது.

யாரிடம் போவது? பெரியவர்களுக்குச் செய்யும் பொது அறுவை சிகிச்சை நிபுணர் வேறு, எம்.சிஎச். படித்த குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர் வேறு. ஒரு சின்ன அடையாளம்: குழந்தையின் தொடையிடுக்குக் குடலிறக்கத்துக்குச் செயற்கை வலை (மெஷ்) வைப்பதில்லை, குடல் இறங்கும் பையைக் கட்டிவிட்டாலே போதும். யாராவது வலை என்று பேசினால் ஏன் என்று கேளுங்கள். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடங்களில் இதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது.

பணம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சை, காது கேட்கவைக்கும் காக்ளியர் கருவி பொருத்துதல் போன்றவையும் அதில் அடக்கம். குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு முதலில் மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்ட்டருக்குப் போங்கள். திட்டமிட்ட ஆபரேஷனுக்குக் காப்பீட்டின் முன்அனுமதி வந்த பிறகுதான் தேதி நிச்சயம். கைக்குழந்தை என்றால் குடும்ப அட்டையில் பெயர் இருக்காது. பிறப்புச் சான்றிதழை உடனே வாங்கிவைத்து, கவுண்ட்டரில் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அட்மிஷன் அன்று அலைய வேண்டியிருக்கும்.

அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தைச் சேர்ந்தது. 2013 முதல் நடக்கும் இத்திட்டம் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. அவர்கள் எழுதிக்கொடுக்கும் சீட்டோடு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போனால் அங்கிருந்தே உரிய இடத்துக்கு அனுப்புவார்கள். அந்தச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் "வெளியே தெரியும் பிறவிக் குறைபாடு" என்ற விலக்கு இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், பல பாலிசிகளில் இருக்கும்.

வீட்டில் எல்லோரும் ஒத்துப்போக

கையெழுத்து அப்பாவுடையதாக இருந்தாலும், நாள் முழுக்கக் குழந்தையைப் பார்ப்பவர் அம்மாவோ பாட்டியோதான். அவர்களை விட்டுவிட்டு எடுக்கும் முடிவு ஆபரேஷன் அன்று காலையில் உடைந்துபோவது சகஜம். பாட்டிக்குச் சந்தேகம் என்றால் அடுத்த ஓ.பி.க்கு அவரையே கூட்டிப்போய் டாக்டரிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள். நாள் பார்ப்பது வேண்டும் என்றால் கெடுவுக்குள் பார்த்துக்கொள்ளலாம். ஆடி வேண்டாம், அஷ்டமி வேண்டாம் என்பதற்காக ஒரு வயதுப் பையனின் விதை ஆபரேஷனை மூன்று வாரம் தள்ளினால் ஒன்றும் கெட்டுவிடாது. முன்னே சொன்ன மணிக்கணக்கு, வாரக்கணக்கு வகைகளில் பஞ்சாங்கத்தைத் தொடவே வேண்டாம்.

18 வயதுக்குக் கீழ் என்றால் ஒப்புதல் படிவத்தில் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் கையெழுத்திட வேண்டும். பூர்த்தி செய்யாத படிவத்தில் போடாதீர்கள். தமிழில் கேளுங்கள். நோய், பக்கம், ஆபரேஷன் பெயர் மூன்றும் சீட்டில் உள்ளது போலவே இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். சோதனைக்கு என்று வாங்கிய ஒப்புதலை வைத்து ஆபரேஷன் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நேரம் மட்டும் விதிவிலக்கு.

குழந்தைக்கும் சொல்ல வேண்டும். 3, 4 வயதென்றால் ஒன்றிரண்டு நாள் முன்பு, 7 வயதுக்கு மேல் ஒரு வாரம் முன்பு. "கடைக்குப் போறோம்" என்று ஏமாற்றிக் கூட்டிப்போனால் அடுத்த முறை ஊசி போடவே முடியாது. தூங்க வைப்பார்கள், எழுந்ததும் அம்மா பக்கத்தில் இருப்பாள், கொஞ்சம் வலிக்கும், அதற்கு மருந்து உண்டு: இவ்வளவு போதும்.

மயக்க மருத்துவரிடம் மறைக்காதீர்கள்

பல பெற்றோர் பயப்படுவது கத்தியைவிட மயக்க மருந்துக்குத்தான். மூளை பாதிக்குமா என்ற கேள்விக்கு: கைக்குழந்தைப் பருவத்தில் குடலிறக்கத்துக்காக ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஒரு முறை மயக்க மருந்து பெற்ற குழந்தைகளை 5 வயதில் சோதித்தபோது அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை என்று 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. 3 வயதுக்குள் 3 மணி நேரத்துக்கு மேல் நீளும், அல்லது திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கத்துக்குத்தான் அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016-இல் எச்சரிக்கை கொடுத்தது. அப்போதும், தேவையான ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையா, ரத்தம் நிற்கத் தாமதமாகுமா, மாத்திரை ஒவ்வாமை உண்டா என்பதைச் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு திரும்ப வெகுநேரம் ஆனதா என்பதையும் சொல்லுங்கள். ஒரு குறிப்பிட்ட தசைத் தளர்த்தி மருந்தை உடைக்கும் நொதி பரம்பரையாகக் குறைந்திருக்கலாம். ஆரிய வைசியக் குடும்பங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. தெரிந்தால் வேறு மருந்து கொடுத்துவிடுவார்கள்.

சளிதானே என்று மறைப்பதுதான் மிக ஆபத்து. காய்ச்சல், பச்சைச் சளி, இழுப்பு இருந்தால் திட்டமிட்ட ஆபரேஷனை 2 முதல் 4 வாரம் தள்ளுவார்கள். லீவு போட்டாச்சு, ஊரிலிருந்து வந்தாச்சு என்று மறைத்தால் மயக்கத்தில் மூச்சுக்குழாய் இறுகிக்கொள்ளும்.

வெறும் வயிற்றுக் கணக்கு இது: சோறு, இட்லி, பிஸ்கட், பசும்பால், பவுடர் பால், கஞ்சி 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம். காலை 8 மணிக்கு ஆபரேஷன் என்றால் இரவு 2 மணிக்கு மேல் உணவோ பாலோ இல்லை, 4 மணிக்குக் கடைசித் தாய்ப்பால், 6 மணிக்குக் கடைசித் தண்ணீர். உங்கள் மருத்துவமனை வேறு கணக்குச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும். "பசிக்குதுன்னு அழுதான், ஒரே ஒரு பிஸ்கட்" என்று யாராவது கொடுத்துவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் தள்ளிப்போகும், அவ்வளவுதான். முதல் நாளே அரைஞாண் கயிறு, தாயத்து, கண்மை, நகப்பூச்சு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் அரை மணி நேரம் வரை யாரையும் அடையாளம் தெரியாததுபோல் கத்திப் புரள்வார்கள். தானாக அடங்கிவிடும்.

வலிக்குப் பாராசிட்டமால் எடைக்கு ஏற்றபடி: கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு 4 முறைக்கு மேல் வேண்டாம். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். தவறு நடப்பது பாட்டிலில்தான். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் சுமார் 6 மில்லி, 250 மில்லிகிராம் உள்ளது என்றால் 3 மில்லி. சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி, அதைச் சிரப் அளவில் ஊற்றிவிடக் கூடாது. ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்.

காயத்தில் சிவப்பு பரவினாலோ சீழ் வந்தாலோ, காய்ச்சல் விடாமல் இருந்தாலோ, 8 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டாலோ திரும்பக் கூட்டிப்போங்கள். டான்சில் எடுத்த பிள்ளைக்கு ரத்தக் கசிவு இரண்டு முறை வரலாம்: முதல் 24 மணி நேரத்தில், பிறகு 5 முதல் 10 நாளுக்குள் வெள்ளைப் பொருக்கு உதிரும்போது. அந்தப் பத்து நாளும் வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். தூக்கத்தில் அடிக்கடி எச்சில் விழுங்கிக்கொண்டே இருந்தால் டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். ரத்தம் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள்.